வேகும் வரைக்கும் இருக்கிறேன்

அத்தியாயம் ஒன்பது

புதன்கிழமைப் பை எது என்று மகள் மூன்று தடவை காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

"அப்பா, இங்க பாருங்க. ஃப்ரிட்ஜ்ல நடுத்தட்டு. மேல 'புதன்'னு எழுதியிருக்கேன். அப்படியே ஆமைக் குக்கருக்குள்ள கொட்டுங்க. ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்துங்க. ஒன்பது மணிக்கு லோல வையுங்க. அவ்வளவுதான். நடுவுல மூடியத் திறந்து எட்டிப் பாக்கவே கூடாது."

"சரி."

"சரின்னா?"

"ஒன்பது மணி. லோ."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "பை உங்க பக்கத்துலயே வந்து உக்காந்து 'என்னைக் கொட்டு'ன்னு சொல்லாது. நீங்கதான் எழுந்திருக்கணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு அவளுக்கு நேரமும் இல்லை. ஏழரைக்கு அவள் ஆஸ்பத்திரி லேபில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அதற்குள் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். நாள் முழுவதும் மற்றவர்கள் கையில் ஊசி குத்துவதால் மகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு.

"கொசு, பஸ் போயிடும்" என்றாள் மகள். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவரை வேலை இடத்தில் எல்லோரும் மாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக டவர் கிரேன் ஓட்டியவர். நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில், காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கீழே நிற்பவர்களின் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது. வாக்கி டாக்கியில் குரல் கேட்கும்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பிற்பகல், அவர் தூக்கிய இரும்புக் கம்பிக் கட்டு காற்றில் சுழன்று கீழே நின்றிருந்த ஒருவன்மேல் மோதியது. கொக்கி மாட்டுகிற வேலை அவனுக்கு. அதனால் அவன் பெயரே கொக்கி ஆகிவிட்டிருந்தது. அன்று கூண்டிலிருந்து இறங்கியவர் இன்னும் மறுபடி ஏறவில்லை.

அவருக்கு அழுகை வரவில்லை. தூக்கம் கெடவில்லை. கனவுகூட வரவில்லை. தட்டில் வைத்தால் சாப்பிட்டார், விளக்கை அணைத்தால் படுத்தார். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார். வெந்நீரில் கை வைத்தால் சூடு தெரிந்தது. ஆனால் அந்தச் சூடு யாருடைய கையிலோ படுவதுபோல் இருந்தது.

விபத்துக்கு அடுத்த வாரம்தான் மகள் ஆமையைக் கொண்டுவந்தாள். வீடு காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய ஸ்லோ குக்கர். அவசரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது என்பதால் அந்தப் பெயர். மகளுக்கு பார்சல் பிரிக்கும் கூடத்தில் எட்டிலிருந்து நாலு மணி வரை வேலை. அம்மா வருவதற்கு ஐந்தரை ஆகும். இரண்டு பேரும் களைத்து வந்து அடுப்பு மூட்டுகிற நிலையில் இல்லை. அப்பாவிடம் கத்தியையும் நெருப்பையும் கொடுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

எனவே சனிக்கிழமை சாயங்காலம், சந்தை கலைகிற நேரத்தில் மகள் போவாள். தோல் சுருங்கிய தக்காளி, கோணல் காரட், யாரும் கேட்காத கழுத்துக்கறி எல்லாவற்றையும் மலிவாக அள்ளிக்கொண்டு வருவாள். எட்டு மணி நேரம் ஆமைக்குள் கிடந்தால் எந்தக் கறியும் வழிக்கு வந்துவிடும் என்பது அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நறுக்கி ஐந்து பையாகக் கட்டுவாள். சிவப்பு பீன்ஸை மட்டும் முதலில் தனியாகப் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் பையில் போடுவாள். இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தாள். திங்களுக்குப் பருப்பும் பூசணியும். செவ்வாய்க்குக் கோழித்தொடை. புதனுக்குக் கழுத்துக்கறியும் பீன்ஸும். பட்டனைத் திருப்புவது மட்டும் அப்பா வேலை.

இதுவரை நடந்தது இதுதான். ஒன்றைத் தவிர. போன வாரம் கம்பெனியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டில் அதை இன்னும் யாருக்கும் அவர் சொல்லவில்லை. 'இறந்தவர் தடை செய்யப்பட்ட கோட்டுக்குள் தாமாகவே வந்து நின்றதை நான் மேலிருந்து பார்த்தேன்' என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸுக்கு வர வேண்டும். அங்கே விசாரணை அதிகாரி இருப்பார்.

வியாழக்கிழமை என்றால் நாளை.

ஒன்பது மணி அடித்ததை அவர் கேட்டார். பத்து மணி ஆனதும் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. தெரிவதற்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு கம்பி அறுந்துபோயிருந்தது.

பதினொன்றே காலுக்குக் கதவு மணி அடித்தது. அதற்கு எழுந்தார்.

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துணிப்பை. சுண்டுவிரலில் அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார். ஒன்று, கம்பெனி ஆண்டு விழாவில். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரி வராந்தாவில், தூரத்திலிருந்து.

"அண்ணா, என்னைத் தெரியுதா?"

கொக்கியின் மனைவி. துணிக்கடையில் தையல் வேலை செய்கிறவள்.

"வாம்மா" என்றார். வாய் அதுவாகச் சொல்லிக்கொண்டது.

உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"சொல்லும்மா."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சமையல் மேடையில் ஆமை காலியாக இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் ஐந்து நாள் சமையலும் மகளின் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. புதனுக்கு நேராக, 'அப்பா, 9 மணி' என்று இரண்டு கோடு போட்டிருந்தது.

"ஒன்பது மணிக்கு வைக்க வேண்டியதா இது?"

"ஆமா."

"இப்ப பதினொண்ணே கால்."

"ஆமா."

அவள் எழுந்தாள். கேட்காமலே ஃப்ரிட்ஜைத் திறந்து பையை எடுத்தாள். கறியும் பீன்ஸும் காரட்டும் கொத்தாக விழுந்தன. தண்ணீர் ஊற்றினாள். "இனிமே லோல வெச்சா அவங்க வர்றப்ப வேகாது. ஹைல வைக்கறேன். நாலு மணி நேரத்துல ஆயிடும்." பட்டனைத் திருப்பினாள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முதல்ல ரெண்டு வாரம் அக்கம்பக்கத்துல எல்லாரும் சாப்பாடு குடுத்து விட்டாங்க. வாசல்ல பாத்திரம் வரிசையா இருக்கும். அப்புறம் நின்னு போச்சு. தப்பு சொல்லல, அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. நான் கடையில பன்னு வாங்கித் தின்னுட்டுத் தைக்கறேன். வீட்ல அடுப்பு பத்த வெச்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஒருத்திக்காக என்னத்தச் சமைக்கறது." அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இது வேகும் வரைக்கும் இங்க இருக்கலாமா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணமும் தெரியவில்லை.

"இரும்மா."

நாற்காலி முதுகில் மகளின் வேலைக்கால்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலின் மடிப்பு அவிழ்ந்து, ஊக்கு குத்தியிருந்தது. அவள் அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். துணிப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். "சும்மா உக்காரத் தெரியாது எனக்கு" என்றாள்.

அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கீழே குப்பை வண்டி வந்து நின்று போயிற்று. அவர் மேஜை விரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தும் பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருப்பது அவருக்குப் பழகியதுபோல் இருந்தது. கூண்டில் அப்படித்தான்.

பிறகு அவர் எழுந்து போனார். கை தன்னால் ஆமையின் மூடியைத் தூக்கியது. ஆவி முகத்தில் அடித்தது. எதுவும் வேகவில்லை.

"திறக்காதீங்கண்ணா. ஒரு தடவை திறந்தா அரை மணி நேரம் தள்ளிப்போயிடும்."

"மகளும் அதத்தான் சொல்லுவா."

"அப்புறம் ஏன் திறக்கறீங்க?"

அவர் மூடினார். வந்து உட்கார்ந்தார்.

"அவரு உங்களப் பத்தி நிறையச் சொல்லுவாரு" என்றாள் அவள், தையலிலிருந்து தலை நிமிராமல். "'மேல ஒருத்தர் இருக்காரு, கல்லுளிமங்கன், நான் பத்து வார்த்தை பேசினா அவர் அரை வார்த்தை பேசுவாரு'ன்னு. உங்கள மாதிரி தொண்டையச் செருமிக் காட்டுவாரு. எனக்குச் சிரிப்பு வரும்."

"நல்லாப் பேசுவான். 'மாடி, மேல மழை பேஞ்சா முதல்ல எனக்குச் சொல்லு, துணி எடுக்கணும்'பான்."

அவள் உதடு லேசாக விரிந்து, உடனே மூடிக்கொண்டது.

"கடைசியா என்ன பேசினாரு அண்ணா?"

இதைத்தான் கேட்பாள் என்று அவருக்குக் கதவைத் திறந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். எத்தனை மணி, எவ்வளவு எடை, காற்றின் வேகம் என்ன. இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"கயிறு கையை அறுக்குது மாடி, சீக்கிரம் இறக்குன்னான்."

ஊசி நின்றது.

"கயிறா? அவரு ஏன் கயிறு பிடிக்கணும்? கோட்டுக்குள்ள சும்மா வந்து நின்னதாதானே சொல்றாங்க?"

"சும்மா நிக்கல." தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் அவருக்குக் கேட்டது. "காத்து அதிகமா இருந்துச்சு. மேல காத்த அளக்கற மீட்டர் இருக்கு. அளவு தாண்டினா கத்தும். ரெண்டு தடவை கத்துச்சு. நான் சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், காத்து ஜாஸ்தி, நிறுத்திக்கலாம்னு. 'உனக்கு மட்டுமா காத்தடிக்குது, இது ஒண்ண மட்டும் ஏத்திடு'ன்னார். கட்டு சுத்தும்னு அவருக்கும் தெரியும். அதனால கொக்கியக் கூப்பிட்டு, கீழ இருந்து கயித்தப் பிடிச்சுக்கோன்னார். அவர் சொல்லித்தான் அவன் கோட்டுக்குள்ள வந்தான்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கும்மா."

"சொல்லுங்க."

"யாரு சொன்னாலும் தூக்க மாட்டேன்னு சொல்ற உரிமை கிரேன் ஓட்டறவனுக்கு உண்டு. லைசென்ஸ் குடுக்கறப்பவே அதைச் சொல்லித்தான் குடுப்பாங்க. நான் அன்னைக்கு அதைச் சொல்லல."

"ஏன்?"

அவர் யோசித்தார். நல்ல காரணமாக ஒன்றைத் தேடவில்லை. இருந்ததைத்தான் தேடினார்.

"பசி. அன்னைக்கு டிபன் பாக்ஸைக் கீழேயே விட்டுட்டு ஏறிட்டேன். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. அந்த ஒண்ண ஏத்திட்டா இறங்கிடலாம்னு நெனச்சேன்."

"பசிச்சுது" என்றாள் அவள்.

"ஆமா."

"பசிச்சுதுன்னு."

அவள் கால்சட்டையை மேஜைமேல் மடித்து வைத்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி ஆமையின் மூடியைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் திறந்தது தெரிந்தது. குழம்பு ஓரத்தில் மெல்லக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. கறி இன்னும் எலும்பை விடவில்லை.

அவள் போய்விடுவாள் என்று நினைத்தார். போனால் அது நியாயம். ஆனால் அவள் முகம் கழுவி, வெளியே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை எடுத்தாள். இன்னொரு காலின் மடிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதையும் பிரித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலரை ஆகும். ரெண்டு தடவை திறந்துட்டேன்."

"ம்."

நாலேகாலுக்கு மகள் வந்தாள். கதவைத் திறந்ததுமே முகர்ந்தாள். நேராக ஆமையிடம் போனாள். பட்டனைப் பார்த்தாள்.

"ஹைல இருக்கு. மூடி ஓரமெல்லாம் தண்ணி. அப்பா, யாரு இதத் திறந்தது?" பிறகுதான் நாற்காலியில் இருப்பவளைப் பார்த்தாள். தன் கால்சட்டையையும் பார்த்தாள்.

"கொக்கி மாமா சம்சாரம்" என்றார் அப்பா.

மகள் பையைக் கீழே வைத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "அத்தை, டீ போடட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா. சாப்பிட்டுட்டே போறேன். வாசனை நல்லா இருக்கு. இதுல என்ன போட்ட?"

"ஒண்ணும் பெருசா இல்ல அத்தை. கழுத்துக்கறி, பீன்ஸ், காரட், தக்காளி. வெங்காயத்த மட்டும் முன்னாடியே வதக்கிடுவேன். கடைசியில கொஞ்சம் மிளகு."

"வதக்காமப் போட்டா?"

"பச்சை வாசனை போகாது. ஒரு தடவை போட்டேன். அம்மா மூணு நாள் சொல்லிக் காட்டினா."

இரண்டு பேரும் பாத்திரத்தின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எவ்வளவு உப்பு, உருளைக்கிழங்கை அடியில் போடுவதா மேலே போடுவதா என்று. மாடிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் சொன்னது இந்த அறையில்தான் சொல்லப்பட்டதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மனைவி ஐந்தரைக்கு வந்தாள். அவளோடு ஸ்பிரிட் வாசனையும் வந்தது. விருந்தாளி யார் என்று மகள் காதில் சொன்னாள். மனைவி இரண்டடி முன்னால் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுக்கிற பழக்கத்தில் விரல்கள் நேராக மணிக்கட்டின் உள்பக்கம் போய் நின்றன. "வாம்மா. உக்காரு. எப்ப வந்தே?"

"பதினொண்ணே காலுக்கு, அண்ணி."

மனைவி கணவனைப் பார்த்தாள். நான்கு தட்டு எடுத்து வைத்தாள்.

கறி எலும்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ரொட்டியைக் கிழித்துத் தொட்டுக்கொண்டு நான்கு பேரும் சாப்பிட்டார்கள். தையற்காரி தலை குனிந்தபடி நிதானமாகச் சாப்பிட்டாள். மகள் இரண்டாவது கரண்டி போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாதிச் சாப்பாட்டில் மாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். கீழே இருந்த பெருக்கல் குறி வரை படித்தாள். மடித்தாள்.

"எப்ப வந்துச்சு இது?"

"போன வாரம்."

"நாளைக்குப் போகணும்."

"ஆமா."

"நாள் முழுக்க ஊசி குத்தறேன்" என்றாள் அவள். "இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டகூடச் சொல்லாமக் குத்தினதில்ல. லேசா வலிக்கும், பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் குத்துவேன்." எழுந்தாள். "கொஞ்சம் உள்ள வாங்க."

படுக்கையறைக் கதவை அவள் முழுவதும் சாத்தவில்லை. அந்த வீட்டில் எந்தக் கதவையும் முழுசாகச் சாத்த முடியாது.

"என்ன பண்ணப் போறீங்க?"

"நடந்தத சொல்லலாம்னு இருக்கேன்."

"நடந்தது என்ன?"

சொன்னார். காற்று, மீட்டர், சூப்பர்வைசர், கயிறு, பசி. இரண்டாவது தடவை சொல்வதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இதைச் சொன்னா உங்க மேலயும் வரும்."

"வரும்."

"லைசென்ஸ் போகும். கேஸ் போடுவாங்க. உள்ளகூட வைப்பாங்க."

"வைக்கலாம்."

"வைக்கலாம்னா என்ன? நாளைக்குக் காய்கறி வாங்கிட்டு வாங்கன்னா சரிங்கற மாதிரி சொல்றீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவ முகத்தப் பாத்துக்கிட்டு அங்க என்னால சொல்ல முடியல. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். கையெழுத்து போட்டுடுங்க."

"அவன் மேல பழி விழும்."

"அவர் போயிட்டார். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா நீங்க இருக்கீங்க. மூணு மாசமா இந்த வீட்ல நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியல. இருந்தாலும், உக்காந்திருக்கற இடம் தெரியும். சாயங்காலம் கதவத் திறந்தா அங்க இருப்பீங்க. அதையும் என்னால விட முடியாது."

மனைவி முந்தானை ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் எழுந்து போனாள்.

வெளியே தையற்காரி தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தாள். மகள் சுவரோடு ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அம்மாவை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் கிளம்பறேன் அண்ணி. ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு."

"இரும்மா. கொஞ்சம் டப்பாவுல போட்டுத் தர்றேன். நாளைக்குச் சூடு பண்ணிச் சாப்பிடலாம்" என்றாள் மனைவி. குழம்பை அள்ளும்போது கொஞ்சம் மேடையில் சிந்திவிட்டாள். ஆயிரம் பேர் நரம்பைத் தடுமாறாமல் கண்டுபிடித்த கை. தையற்காரி டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஒரு நொடி இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மனைவிதான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

"நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்" என்றார் மாடிக்காரர்.

மகள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். அப்பா தானாக வாசலைத் தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்தது.

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சலவைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். மூலையில் புதிதாக ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரக்கட்டைச் சுற்றிப் பச்சை வலை போட்டிருந்தார்கள். மாடிக்காரர் அதை நிமிர்ந்து பார்த்தார், பிறகு நடந்தார். அவள் அவருக்கு இரண்டடி தள்ளி நடந்தாள். டப்பாவின் சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவள் கடைசியில் இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணி சொன்னதுல தப்பில்ல" என்றாள். "என் வீட்டுக்காரர் இருந்து, அந்த இடத்துல நீங்க போயிருந்தா, நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில நான் வந்து ஒண்ணு பேசணும்னு சொன்னேன்ல? கடைசி வரைக்கும் அதைச் சொல்லல."

"கடைசியா என்ன பேசினான்னு கேட்டியே."

"அது வந்த பிறகு கேட்டது. அதுக்காக வரல." டப்பாவைப் பெஞ்சில் வைத்தாள். "நேத்து அந்த சூப்பர்வைசர் எங்க கடைக்கு வந்தார். உங்க அட்ரஸை அவர்தான் குடுத்தார். நீங்க அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா விசாரணை நாளைக்கே முடிஞ்சிடும், எனக்குக் கம்பெனி ஏதாவது பாத்துச் செய்யும்னார். போடலைன்னா வருஷக்கணக்கா இழுக்கும், கோர்ட்டு வாசல்லயே நீ கிழவி ஆயிடுவேன்னார். 'நீ போய்க் கேட்டா அவர் மறுக்க மாட்டார்'னு சொல்லி அனுப்பினார். உங்கள கையெழுத்து போடச் சொல்லிக் கெஞ்சறதுக்குத்தான் அண்ணா நான் வந்தேன்."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"வந்ததும் சொல்லிட்டுப் போயிருக்கணும். குக்கர்ல அதைக் கொட்டினதும் உக்காரணும்போல இருந்துச்சு. உக்காந்தேன். நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "கயிறு பிடிக்கச் சொன்னவரு, எங்க கடையில நின்னு, என் மெஷின் மேல கைய வெச்சுக்கிட்டு, 'உனக்கு நான் இருக்கேன்'னு சொல்றார். எனக்கு அப்ப நன்றியா இருந்துச்சு அண்ணா. கும்பிட்டேன்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. முன்னால் இருந்தவர்கள் ஏறினார்கள்.

"நாளைக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் மாடிக்காரர்.

"தெரியல. வாடகையும் குடுக்கணும், அவரு பேரும் கெடக்கூடாது. ரெண்டும் எனக்கு வேணும். உங்க மேல இருக்கற கோபமும் போகல. பசிச்சுதுன்னு சொன்னீங்களே, அது எத்தன வருஷம் ஆனாலும் போகாது." படியில் ஒரு காலை வைத்தாள். "என்னையும் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் வருவேன். ஆனா எந்தப் பக்கம் நிப்பேன்னு இப்ப கேக்காதீங்க."

அவள் ஏறினாள். கூட்டத்துக்குள் போனாள். பஸ் கிளம்பிப் போன பிறகு, பெஞ்சில் குழம்பு டப்பா அப்படியே இருந்தது. மறந்து விட்டாளா, விட்டுவிட்டுப் போனாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அதைக் கையில் எடுத்தார். சூடாக இருந்தது. இந்தத் தடவை அது அவருடைய கையைத்தான் சுட்டது. அதோடு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. டப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அது என்ன என்று கண்டுகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.